சான்றில் ஒரு வண்டி, கன்டெய்னரில் ஒரு வண்டி

அமெரிக்காவில் இறங்கும் ஒரு மோட்டார் சைக்கிளின் புகையைத் துறைமுகத்தில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளக்க அங்கே வழியும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸிலோ லாங் பீச்சிலோ கப்பலிலிருந்து இறக்கிய கன்டெய்னரைத் திறந்தால் அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். பெட்டிக்குள் வண்டி பாதி பூட்டிய நிலையில் கிடக்கும். ஹேண்டில்பார் தனியாக, முன்சக்கரம் தனியாக, டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல். இருந்தும், ஆய்வாளர் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்காத அந்த வண்டியைச் சட்டவிரோதமானது என்று அங்கேயே தடுத்து நிறுத்த முடியும்.

அதற்கான அதிகாரம் 1970-இல் வந்த தூய காற்றுச் சட்டத்திலிருந்து பிறக்கிறது. அந்தச் சட்டம் "புகை அதிகமாக விடும் வண்டியைக் கொண்டுவராதே" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழங்கும் இணக்கச் சான்றுக்குள் அடங்காத எந்தப் புது வண்டியையும் இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இறக்குமதியாளர்கள் மீது தொடுக்கப்பட்ட பெரும்பாலான வழக்குகள் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

சான்று எப்படிக் கிடைக்கிறது? ஒரே மாதிரியான எஞ்சின், ஒரே மாதிரியான மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் கொண்ட வண்டிகளைத் தயாரிப்பாளர் ஒரு 'எஞ்சின் குடும்பம்' என்று தொகுக்கிறார். அந்தக் குடும்பத்தின் சார்பாக ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார். இரவு முழுக்க ஆறவிட்ட வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நகரச் சாலையில் போவது போல வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவார்கள். வெளிவரும் புகை சுத்தமான காற்றுடன் கலக்கப்பட்டுப் பைகளில் சேகரிக்கப்படும். எரியாத எரிபொருளான ஹைட்ரோகார்பனை ஒரு சிறு சுடரில் எரித்து அதில் உண்டாகும் மின்னோட்டத்தைக் கொண்டு அளக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடை அது உறிஞ்சும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டும், நைட்ரஜன் ஆக்சைடுகளை ஓசோனுடன் வினைபுரியும்போது அவை உமிழும் மெல்லிய ஒளியைக் கொண்டும் அளக்கிறார்கள்.

புது வண்டி தேறினால் மட்டும் போதாது. ஏடிவி எனப்படும் நான்கு சக்கரக் காட்டுவண்டி என்றால் 10,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு வரை, 100 சிசிக்குக் குறைந்ததென்றால் 5,000 கிலோமீட்டர் வரை அது வரம்புக்குள் நிற்க வேண்டும். அதற்காக ஒரு வண்டியை நெடுந்தொலைவு ஓட்டி, ஓட ஓட மாசு எந்த அளவு கூடுகிறது என்ற தேய்மானக் கணக்கையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். கூடவே கார்புரேட்டர் எந்த மாடல், சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கியில் என்னென்ன உலோகம் எந்த விகிதத்தில் பூசப்பட்டிருக்கிறது என்பது வரை எழுதித் தர வேண்டும். முகமை இவற்றைப் பரிசீலித்து, ஒரு மாடல் ஆண்டுக்கு மட்டும் செல்லும் சான்றைத் தருகிறது. சென்னையை அடுத்த ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளும் இந்த வழியாகத்தான் அமெரிக்கக் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

அதாவது ஒரு வண்டி சோதிக்கப்படுகிறது, பல்லாயிரம் வண்டிகள் விற்கப்படுகின்றன. சோதித்த வண்டியும் விற்கும் வண்டியும் ஒன்றேதான் என்ற உறுதிமொழி மட்டுமே நடுவில் பாலமாக இருக்கிறது. அது பொய்யானால் ஆய்வகத்தில் நடந்த அத்தனையும் வீண்.

சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கு அமெரிக்காவில் 1978 மாடல் ஆண்டிலிருந்தே வரம்பு உண்டு. மண்பாதையில் ஓடும் டர்ட் பைக், ஏடிவி, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் ஆகியவை மட்டும் நெடுங்காலம் விதிகளுக்கு வெளியே இருந்தன. 1990-இல் திருத்தப்பட்ட சட்டம் சாலைக்கு வெளியே ஓடும் எஞ்சின்களையும் கவனிக்கச் சொன்னது. 2002 நவம்பரில் விதி வெளியானது. 2006 மாடல் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஏடிவிக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 1.5 கிராம், டர்ட் பைக்குக்கு 2 கிராம். அதே காலத்து அமெரிக்கக் கார்களின் வழக்கமான வரம்பு இதே கணக்கில் ஏறக்குறைய 0.1 கிராம். விதிக்கு உட்பட்டு ஓடும் ஏடிவிகூடக் காரைவிடப் பதினைந்து மடங்கு மாசு விடலாம் என்று பொருள். இந்தச் சலுகையைக்கூட மதிக்காதவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

சின்ன எஞ்சின் ஏன் இவ்வளவு மாசு விடுகிறது? பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் எரிந்த புகை வெளியே போகும் துளையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். இப்போது சீனாவிலிருந்து வரும் 110, 125 சிசி வண்டிகள் பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக். அந்தக் குறை இல்லை. அங்கே பிரச்சினை கார்புரேட்டரில் இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகவும் எஞ்சின் சூடேறாமல் இருக்கவும் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டி வைப்பது வழக்கம். காற்று போதாத எரிப்பு கார்பன் மோனாக்சைடைத் தரும். கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ கார்புரேட்டரில் இருக்கிறது. நம் ஊர் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அரை நிமிடத்தில் அதைத் திருகிவிடுவார். அதனால் விதி சொல்கிறது: அந்த ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருக முடியாதபடி மூடி அடைத்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் 'அடைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுத் திறந்த ஸ்க்ரூவுடன் வண்டியை அனுப்பினால், அது சான்றில் உள்ள வண்டி அல்ல.

ஓடாமல் நிற்கும் வண்டியும் மாசு தரும் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். பிளாஸ்டிக் டாங்கின் சுவருக்குள் பெட்ரோல் மூலக்கூறுகள் கரைந்து, மெல்ல ஊர்ந்து, மறுபக்கம் ஆவியாக வெளிவருகின்றன. ரப்பர் குழாயிலும் அப்படியே. 2008 மாடல் ஆண்டிலிருந்து டாங்கின் சதுர மீட்டர் பரப்புக்கு நாளொன்றுக்கு 1.5 கிராமும், குழாய்க்கு 15 கிராமும்தான் கசியலாம். இதற்கு டாங்கின் சுவருக்குள் தடுப்புப் படலம் வேண்டும், குழாய் நல்ல ரகமாக இருக்க வேண்டும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத செலவு. வாங்குபவர் இதைக் கேட்டு வாங்கப்போவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் முதலிடம் வினையூக்கிக்கு. சைலன்சருக்குள் தேன்கூடு போன்ற ஓர் உருளை இருக்கும். அதன் சுவர்களில் நுண்துளைகள் நிறைந்த அலுமினாப் பூச்சு; அந்தப் பூச்சுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மிக நுண்ணிய துகள்கள். முதல் இரண்டும் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்ற உதவுகின்றன. ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடை உடைத்து நைட்ரஜனாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வினையூக்கிக்கும் வெறும் பூச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. சைலன்சரை அறுத்து, பூச்சைச் சுரண்டி எடுத்து, ஆய்வகத்தில் உலோகங்களை அளந்தால்தான் தெரியும். முகமை அதைத்தான் செய்யத் தொடங்கியது.

டாவோடாவ் வழக்கு அப்படி வந்தது. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து நிறுவனம். அதன் அமெரிக்க இறக்குமதிக் கிளை டெக்சாஸில் இருந்தது. 2010-லேயே ஒருமுறை முகமையுடன் சமரச ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் இது. 2015-இல் தொடரப்பட்ட புது வழக்கில் பத்து எஞ்சின் குடும்பங்களைச் சேர்ந்த 1,09,964 வண்டிகள் சிக்கின. எடுத்துச் சோதித்த வினையூக்கிகளில் இருந்த உலோகங்களின் அளவும் விகிதமும் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்ததோடு பொருந்தவில்லை. நிறுவனத்தின் வாதம் இது: வினையூக்கி மாறியிருக்கலாம், ஆனால் எங்கள் வண்டி விடும் மாசு வரம்பைத் தாண்டவில்லையே, அப்படியிருக்க எந்த விதியை மீறினோம்?

இந்த வாதத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. சட்டத்தின் நோக்கம் சுத்தமான காற்று; காற்று கெடவில்லை என்றால் தண்டனை எதற்கு என்று நியாயமாகச் சிந்திப்பவர்களும் கேட்பார்கள். முகமையின் நிர்வாக நீதிபதி 2018-இல் இதை ஏற்கவில்லை. சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியமும் 2020-இல் ஏற்கவில்லை. விண்ணப்பத்தில் விவரித்தபடி முக்கியமான எல்லா அம்சங்களிலும் ஒத்திருக்கும் வண்டியை மட்டுமே சான்று காக்கும். ஒத்திராத வண்டி சான்றில்லாத வண்டி. அதன் புகை வரம்பு மீறியது என்று முகமை தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு.

வேதியியல் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். வினையூக்கி மூப்படையும். புகையின் கடும் வெப்பத்தில் அந்த நுண்துகள்கள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. சூடான ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைப் போல அவையும் நகர்ந்து ஒட்டிப் பருக்கின்றன. துகள் பருத்தால் புகை தொடும் பரப்பு குறையும், வேலையும் குறையும். எவ்வளவு வேகமாக இது நடக்கும் என்பது எந்த உலோகம், எவ்வளவு, எந்த விகிதம் என்பதைப் பொறுத்தது. பல்லேடியம் வெப்பத்தைப் பிளாட்டினத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கந்தகத்திடம் எளிதில் தோற்கும். ஆகவே விகிதம் மாறிய வினையூக்கி புதிதாக இருக்கும்போது சோதனையில் தேறிவிடலாம். 5,000 கிலோமீட்டர் கழித்து என்ன ஆகும்? அதைச் சொல்ல வேண்டிய தேய்மானக் கணக்கு வேறொரு வினையூக்கியை வைத்துப் போட்டது. புது வண்டியின் புகையை நீட்டி "பாருங்கள், சுத்தம்" என்பது முதல் நாளைக் காட்டி ஐந்தாண்டுக்கு உறுதி கொடுப்பதாகும். சட்டம் காகிதத்தைப் பிடித்துத் தொங்குகிறது என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. அந்தக் காகிதத்தில்தான் வண்டியின் எதிர்காலப் புகை எழுதியிருக்கிறது.

ஏன் இறக்குமதியாளரைப் பிடிக்க வேண்டும், தயாரித்தவர் இருக்கிறாரே என்ற கேள்விக்குப் பதில் எளிது. ஆலை சீனாவில் இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றத்தின் கை அங்கே எளிதில் எட்டாது. எல்லைக்குள் கணக்குப் புத்தகமும் கிடங்கும் வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர் இறக்குமதியாளர்தான். எனவே சட்டம் அவரைத் தயாரிப்பாளர் நிலையில் வைத்துப் பொறுப்பாளி ஆக்குகிறது. "அனுப்பியதை விற்றேன்" என்பது அங்கே சாக்கு ஆகாது.

பெப் பாய்ஸ் என்ற பெரிய வாகன உதிரிபாகக் கடைத் தொடர் இதை 2010-இல் கற்றது. பாஹா என்ற நிறுவனமும் சேர்ந்த அந்த வழக்கில், சீனத் தயாரிப்பில் வந்த பொழுதுபோக்கு வண்டிகளும் சிறு எஞ்சின் கருவிகளுமாகக் குறைந்தது 2,41,000 விதிமீறல்கள். அவை சட்ட வரம்புக்கு மேலாக 620 டன் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும், 6,520 டன் கார்பன் மோனாக்சைடும் காற்றில் கலந்ததாக அரசு மதிப்பிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாகச் சுமார் 25 கிலோ கார்பன் மோனாக்சைடு. பெப் பாய்ஸ் கட்டிய அபராதம் 50 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு, விவசாயக் கருவிகள் விற்கும் டிராக்டர் சப்ளை என்ற நிறுவனம் சுமார் 28,000 வண்டிகளுக்கும் எஞ்சின்களுக்குமாக 7,75,000 டாலர் கட்டியது. இரண்டும் ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் நிறுவனங்கள். தெருமுனைக் கள்ளக்கடத்தல்காரர்கள் அல்ல.

இவர்களுக்கும் முந்திய கண்ணி ஒன்று உண்டு. சிறு ஆலைகளுக்குச் சோதனை செய்யவும் விண்ணப்பம் எழுதவும் தெரியாது; அதற்கென்று ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. மோட்டார்சயின்ஸ் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் அப்படிப்பட்டது. 24,478 வண்டிகளுக்கு முறையாகச் சோதனை செய்யாமலே சான்று வாங்கித் தந்தது என்று 2011-இல் அரசு அதன் மேல் வழக்குத் தொடுத்தது. அந்த நிறுவனம் ஒரு வண்டியைக்கூட இறக்குமதி செய்யவில்லை. ஆனால் சட்டம் தடுத்த செயல்களைச் செய்வதை மட்டுமின்றிச் செய்ய வைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. கடைசியில் 35.5 லட்சம் டாலர் அபராதம். இந்த வழக்கை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாகக் கருதுகிறேன். தவறான வினையூக்கி பூட்டிய ஆலை ஒரு மாடலைக் கெடுக்கிறது. பொய்யாகச் சோதித்தவர் பல நிறுவனங்களின் சான்றுகளை ஒரே நேரத்தில் செல்லாக்காசாக்குகிறார். 2010-இல் நான்கு இறக்குமதியாளர்களின் சான்றுகளை ரத்து செய்ய முகமை முன்வந்தபோது, அதில் சிக்கக்கூடிய வண்டிகள் 2 லட்சம் வரை என்று கணக்கிட்டது.

இப்போது அபராதக் கணக்குக்கு வருவோம். சட்டப்படி ஒவ்வொரு வண்டியும் தனிக் குற்றம். அந்த ஆண்டுகளில் ஒன்றுக்கு 37,500 டாலர் வரை விதிக்கலாம். நடைமுறையில்? பெப் பாய்ஸ் கட்டியது வண்டிக்கு ஏறக்குறைய 21 டாலர். டாவோடாவ் வழக்கில் பதினாறு லட்சம் டாலருக்கு மேல் விதித்தும், வண்டிக்கு 20 டாலரைத் தொடவில்லை. சொங்சிங் நகரத்து லைஃபான் நிறுவனம் ஏறத்தாழ 50,000 வண்டிகளுக்கு 6,30,000 டாலர் கட்டியது. வண்டிக்கு 13 டாலர்கூட இல்லை. சட்டம் அனுமதித்த உச்சத்தில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறுவனத்தின் கட்டும் திறன், ஒத்துழைப்பு, சமரசத்தால் மிச்சமாகும் நீதிமன்றச் செலவு ஆகியவற்றைப் பார்த்துத்தான் தொகை முடிவாகிறது. எல்லாம் புரிந்துகொள்ளக்கூடிய காரணங்களே. ஆனாலும் சரியான வினையூக்கி, படலம் வைத்த டாங்க், நல்ல குழாய், நேர்மையான சோதனை இவற்றையெல்லாம் தவிர்த்ததில் வண்டிக்கு எவ்வளவு மிச்சம் என்று ஓர் ஆலை முதலாளி கணக்குப் போடுவார். 13 டாலர் அவரை நிறுத்தும் என்று நம்புவது கடினம். நேர்மையாகச் செலவழித்து விற்கும் போட்டியாளருக்கு இது பச்சை அநியாயம்.

லைஃபான் ஒப்பந்தத்தில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதி வேறு. பிற்காலத்தில் மீண்டும் தவறினால் பிடித்துக்கொள்வதற்காக, 3 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை பிணைத்தொகை முன்கூட்டியே கட்டவேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு பெயரில் நிறுவனத்தை மூடி வேறு பெயரில் திறப்பது எளிதான தொழிலில், முன்பணமாகக் கையில் இருக்கும் தொகைக்கு மதிப்பு அதிகம். ஐந்தாண்டு வழக்கு நடத்தி வாங்கும் தீர்ப்பைவிட இது விரைவாக வேலை செய்யும்.

எல்லைக்குள் வந்தபின் செய்யக்கூடியது மிகக் குறைவு. சட்டம் தடுப்பது இறக்குமதியையும் விற்பனையையும். கடையில் காசு கொடுத்து வாங்கிய குடும்பத்தின் மேல் அது பாயாது, பாயவும் கூடாது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்த 110 சிசி வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் சிறுவர்கள். மெதுவாகப் போகும் வண்டியின் புகை முதலில் சேர்வது அவர்கள் மூச்சில்தான். பெப் பாய்ஸ் வழக்கில் நாட்டைவிட்டு வெளியேற்றவோ அழிக்கவோ உத்தரவானவை 1,300-க்குச் சற்று மேல். மற்றவை விற்றுப்போயிருந்தன. ஆகவே பெட்டி பிரிவதற்கு முன், சரக்குக்கு ஒரு சைலன்சரையாவது அறுத்துப் பார்ப்பது முறையான நடைமுறையாக வேண்டும். அந்த ஆய்வகச் செலவு இறக்குமதியாளரின் கணக்கில் சேர வேண்டும். முடிவு வரும்வரை கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கட்டும்.